பத்து வெள்ளிக்கு ஒரு செம்பனை நடை: சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தாய் (இன்றைய பெஸ்தாரி ஜெயா)

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனிடம் பத்து வெள்ளி வாங்கிக்கொண்டு செம்பனை மரத்தைக் காட்டப் போகிறார்களாம். கொல்லர் தெருவில் ஊசி விற்கிற கதை என்று சிரித்தேன். மகள்தான் விடவில்லை. செம்பனைத் தோட்டத்தைச் சுற்றிக்காட்டுகிற நடைக்கு வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பைப் பார்த்து, எனக்கும் அம்மாவுக்கும் பெயர் கொடுத்துவிட்டாள். அம்மாவுக்கு 76 வயது, முட்டி வலி வேறு. அரை மணி நேரம் தலையைக் காட்டிவிட்டு, பசியாறிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்ற கணக்கில்தான் போனோம். திரும்பும்போது மணி பதினொன்றரை.

நடத்துகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அன்றைக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற சீன ஆசிரியர் ஒருவர், எல்லாருக்கும் அவர் 'அங்கிள்'. யூனிசெலில், அதாவது சிலாங்கூர் பல்கலைக்கழகத்தில், படிக்கிற மலாய்ப் பெண் ஒருத்தி. ரவாங்கில் தொழிற்சாலை வேலை பார்க்கிற நம் பையன் ஒருவன். சனிக்கிழமை இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராக இங்கே வந்தானாம். கண் சிவந்திருந்தது, ஆனால் பேச்சில் தூக்கமில்லை. கூட்டம் கூடுகிற இடம் தோட்டத்து மாரியம்மன் கோயில் திடல். நாங்கள் இருபத்தாறு பேர் இருந்தோம், பாதிக்கு மேல் பட்டணத்திலிருந்து கார் ஓட்டி வந்தவர்கள்.

முதலிலேயே குறையைச் சொல்லிவிடுகிறேன். ஏழு மணி என்று போட்டிருந்தார்கள், கிளம்பியது ஏழே முக்கால். இருபத்தாறு பேருக்குத் தொலைநோக்கி மூன்றே மூன்று. என் முறை வரும்போது பஞ்சுருட்டான் பறந்துபோய், கம்பி மட்டும் இருந்தது. இடுப்பில் கட்டிக்கொள்கிற சின்ன ஒலிபெருக்கி ஒன்று வைத்திருந்தார்கள். பாசார் மாலாமில் மருந்து விற்கிறவன் வைத்திருப்பானே, அதேதான். பறவை பார்க்கப் போகிற இடத்தில் அது எதற்கு? முதல் பத்து நிமிடம் அது கத்திய கத்தில் ஒரு செம்போத்து எழுந்து ஓடியதுதான் மிச்சம். சரி, செம்போத்து கண்ணில் பட்டால் நல்ல சகுனம் என்று அம்மா மட்டும் சந்தோஷப்பட்டார்.

அங்கிள்தான் ஒலிபெருக்கியை அணைக்கச் சொன்னார். அதற்கப்புறம்தான் நடை நடையாக இருந்தது.

செம்பனை நிரைக்குள் நுழைவதற்கு முன் மூன்று விதி சொன்னார்கள். வெட்டிப் போட்ட மட்டைக் குவியல் மேல் ஏறக் கூடாது, எலி இருக்கிற இடத்தில் நாகமும் இருக்கும். மட்டையின் அடியைக் கையால் பிடிக்கக் கூடாது, முள். பழுத்த குலை தொங்குகிற மரத்தடியில் நிற்கக் கூடாது. மூன்றும் எனக்குத் தெரிந்ததுதான். பட்டணத்துப் பிள்ளைகள் மூன்றையும் அடுத்த ஐந்து நிமிடத்தில் மீறினார்கள்.

பாதை ஓரம் வெள்ளைப் பூ பூத்த செடிகள் வரிசையாக நின்றன. அழகுக்கு வைத்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லையாம். செம்பனை இலையைத் தின்று கூடு தொங்கவிடுகிற பைப்புழுவைக் கொல்லும் குளவிகளுக்குத் தேன் வேண்டும், அதற்காகத் தோட்டமே நடுகிற செடி. பெயர் டர்னேரா. காலையில் விரிந்து உச்சிக்குள் மூடிக்கொள்ளும். இருபது வருடம் இந்தச் செடியைத் தாண்டி மோட்டார் ஓட்டியிருக்கிறேன்!

அடுத்து ஆந்தைப் பெட்டி. ஆந்தை தங்கி எலி பிடிக்கட்டும் என்று உயரமான கம்பத்தில் மரப்பெட்டி வைத்திருப்பார்களே, அது. செம்பனை பெருகிய பிறகுதான் இந்தக் கூகையும் தீபகற்பத்தில் பெருகியது, எலிதான் காரணம். கூகையை நாங்கள் பார்க்கவில்லை, பகலில் அது வெளியே வராது. அங்கிள் கம்பத்தடியில் குனிந்து தேடினார். தொலைத்த மோதிரம் கிடைத்தவர் மாதிரி முகம் மலர நிமிர்ந்தார். கையில் பெருவிரல் அளவில் கருப்பாக ஒரு கட்டி.

காய்ந்த எச்சம் என்று நினைத்து நான் ஓரடி பின்வாங்கினேன். எச்சம் இல்லை. எலியை முழுதாக விழுங்கும் கூகை, செரிக்காத முடியையும் எலும்பையும் உருட்டி வாய்வழியாகத் துப்பிவிடுமாம். பையிலிருந்து வெள்ளைத் தாள் எடுத்து காரின் பானட்டில் விரித்தார். புருவம் பிடுங்குகிற சின்னக் குறடால் கட்டியைப் பிரித்தார். முதலில் சாம்பல் நிற முடி, ஈரப் பஞ்சு மாதிரி. அதற்குள் விலா எலும்புகள், மீன்முள் போல மெலிந்து. அப்புறம் ஒரு சின்ன மண்டையோடு, முன் பல் இரண்டும் ஆரஞ்சு நிறம். எலியின் பல் ஆரஞ்சாக இருக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். கீழ்த்தாடை எலும்பை எண்ணினார்கள், மூன்று. ஒரு எலிக்கு இடமும் வலமுமாக இரண்டுதான். அப்படியென்றால் குறைந்தது இரண்டு எலி. ஏழு வயதுப் பையன் ஒருவன் அந்தத் தாளை விட்டு நகரவே மாட்டேன் என்றான், அவன் அப்பா இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

அம்மா மட்டும் பக்கத்தில் வரவில்லை. "சாக்குருவி எச்சிலைத் தொட்டுட்டு வீட்டுக்கு வராதே" என்றார் என்னிடம். லயத்தில் இருந்த காலத்தில் இது கத்தினால் அடுத்த நாள் யார் வீட்டில் சாவு என்று பேசிக்கொள்வோம். நம் பையன் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "எங்க பாட்டியும் அதான் சொல்வாங்க ஆச்சி" என்றான், அவ்வளவுதான். பாடம் எடுக்கவில்லை. எனக்கு அவனைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

எலி விஷம் வைக்கிற தோட்டங்களில் இந்தக் கூகை என்ன ஆகும் என்று கேட்டேன். விஷம் தின்ற எலியைத் தின்றால் கூகையும் சாகும், சில மருந்துகள் அதில் ரொம்ப மோசம் என்று அங்கிள் மறைக்காமல் சொன்னார். எல்லாம் இயற்கை, எல்லாம் நல்லது என்று பூசி மெழுகவில்லை.

இனி, ஏன் இந்த நடைக்கு நட்சத்திரம் போடுகிறேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

ஒரு இளம் மரத்தடியில் நின்று நம் பையன் ஆண் பூவைக் காட்டினான். மஞ்சளாக, விரல் விரலாகத் திரண்டிருந்தது. ஒரு விரலை ஒடித்து எல்லோரையும் முகர்ந்து பார்க்கச் சொன்னான். சோம்பு வாசம்! பிரியாணிக் கடைக்குள் நுழைந்த மாதிரி. பூவின் மேல் எள் அளவுக்குக் கருப்பு வண்டுகள் ஊர்ந்தன, நூற்றுக்கணக்கில். இந்த வாசத்துக்குத்தான் அவை வருகின்றன. பெண் பூவிலும் அதே வாசம் இலேசாக வரும், ஏமாந்து அங்கேயும் போய் மகரந்தத்தைக் கொட்டிவிட்டு வரும். காற்றில்தான் மகரந்தம் பரவுகிறது என்று நினைத்திருந்த காலத்தில், வண்டுதான் வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தவர் ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தான் பூச்சி ஆய்வாளர். செம்பனையின் தாய்மண்ணான ஆப்பிரிக்காவில், கேமரூனிலிருந்து எடுத்து வந்து 1981-இல் இங்கே விட்டார்கள். அதுவரை கையால்தான் மகரந்தம் தூவினார்கள். இவ்வளவும் அவன் சொன்னது.

"எந்த வருசம்னு சொன்னே தம்பி?" என்றார் அம்மா.

"1981, ஆச்சி."

"ஆமா. அப்பதான் எங்களை மாத்தினாங்க."

பையன் கையிலிருந்த குறிப்பு அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "நீங்க அந்த வேலை பாத்தீங்களா ஆச்சி?"

அதற்கப்புறம் கால் மணி நேரம் அம்மாதான் வழிகாட்டி. "ஆம்பளப் பூவை வெட்டிக் காய வச்சு உதறினா மஞ்சத் தூள் விழும். அதை முகத்துக்குப் போடுற பவுடர் மாதிரி மாவுல கலந்து டப்பாவுல குடுப்பாங்க. மூக்கு நீண்ட டப்பா. அமுக்கினா புஸ்ஸுன்னு அடிக்கும். நெரை நெரையா போயி எந்த மரத்துல பொம்பளப் பூ விரிஞ்சிருக்குன்னு பாக்கணும். ரெண்டு மூணு நாள்தான் விரிஞ்சிருக்கும். விட்டா குலை பிடிக்காது, கங்காணி வாயில வந்ததைப் பேசுவாரு." பூ விரிந்ததைக் கண்டால் மட்டைக்கிடையில் முகத்தை நுழைத்து அடிக்க வேண்டுமாம், அதனால்தான் அந்த வேலைக்குப் போனவர்களுக்குக் கன்னமெல்லாம் முள் கீறல். வீட்டுக்கு வந்தால் தலைமுடி வெள்ளையாக இருக்கும் என்றார். எனக்கு அந்த வெள்ளை முடி நினைவிருக்கிறது. மாவு மில்லில் வேலை என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

வண்டு வந்த பிறகு பெண்களை உதிரிப் பழம் பொறுக்க மாற்றினார்கள். அது குனிந்தே செய்கிற வேலை. முட்டி வலி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

மலாய்ப் பெண் நோட்டுப் புத்தகத்தில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். "மக்சிக், அந்த டப்பா என்ன நிறம்?" என்று கேட்டாள். அம்மா தோட்டத்து மலாயில் பதில் சொன்னார். பட்டணத்துக்காரர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அங்கிள் அதைக் கவனித்தும் அவசரப்படுத்தவில்லை, அடுத்து போக வேண்டிய இடத்தில் ஒன்றைக் குறைத்துவிடலாம் என்றார். எத்தனையோ சுற்றுலா வழிகாட்டிகளைப் பார்த்திருக்கிறேன், மனப்பாடம் செய்ததை ஒப்பித்து முடிக்காவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது. இவர்களுக்கு வாயை மூடத் தெரிந்திருக்கிறது. அதற்கே பத்து வெள்ளி தகும்.

ஒன்று மட்டும் உறுத்தியது. கையில் கொடுத்த தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது, தமிழில் ஒரு வரி இல்லை. 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டிலேயே முதன்முதலாகச் செம்பனையை வியாபாரப் பயிராக நட்டது இதே பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத்தில்தான் என்று அந்தத் தாளில் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தோட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம். பெயரிலேயே தமிழ் இருக்கிற தோட்டத்தைப் பற்றிய தாளில் தமிழ் இல்லை. இதை நம் பையனிடம் சொன்னேன். "எழுதிக் குடுங்கண்ணே, அச்சடிக்கிறது என் பொறுப்பு" என்றான். மாட்டிக்கொண்டேன். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நடை முடிந்தபின் விருப்பமுள்ளவர்களை ராஜா மூசா சதுப்புக் காட்டின் ஓரத்துக்கும் கூட்டிப் போனார்கள். வறட்சியில் கரி மண்ணுக்குள் தீ புகைந்து ஊரே இருமும், அந்தக் காடுதான். வாய்க்காலை அடைத்துத் தண்ணீரைத் தேக்கினால் மண் ஈரமாக இருக்கும், தீ பிடிக்காது. தஞ்சோங் காராங் வயல்களுக்குத் தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்துதான் போகிறது என்பது வரை கேட்டேன். அப்புறம் அம்மாவின் கால் ஒத்துழைக்கவில்லை, திரும்பிவிட்டோம்.

போகிறவர்களுக்கு: நடை மூன்று கிலோமீட்டர் இருக்கும், தரை சமம்தான். முழுக்கால் சட்டை, மூடிய காலணி கட்டாயம். கழிவறை கோயில் திடலில் மட்டும், சாவி பூசாரியிடம். முதல்முறை போனால் ஏழரைக்குப் போங்கள், போதும். பன்னிரண்டு வயதுக்குள் இலவசம். திடலுக்கு எதிரே ஒட்டுக்கடை இருக்கிறது, தோசை சுமார், தே தாரிக் அருமை. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். தமிழ்த்தாள் வந்ததும் மிச்சத்தையும் போடுகிறேன்.

அம்மா அந்த ஆண் பூவிலிருந்து ஒரு விரலை யாருக்கும் தெரியாமல் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருக்கிறார். கார் முழுக்கச் சோம்பு வாசம். ஈஜோக் சந்திப்பில் சிக்னலுக்கு நின்றபோது பார்த்தால், ஸ்டீரிங் மேல் ஏழெட்டுக் கருப்பு வண்டுகள் ஊர்கின்றன. தட்டிவிடப் போனேன்.

"விடு, வேலைக்குப் போகுதுங்க" என்றார் அம்மா.