மூன்றாண்டுப் பட்டமா, நான்காண்டு ஹானர்ஸா?

2013இல் டெல்லிப் பல்கலைக்கழகம் நான்காண்டு இளநிலையைக் கொண்டுவந்து மறு வருடமே கைவிட்டது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகம் இரண்டையும் அருகருகே வைத்தது: மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் அலகு), நான்காண்டு ஹானர்ஸுக்கு 160.

முதன்மைப் பாடத்துக்கு மூன்றாண்டில் குறைந்தது 60 கிரெடிட், நான்காண்டில் 80. அரசுத் தேர்வோ வேலையோ குறி என்றால் மூன்றாண்டே போதும். பெரும்பாலான தேர்வுகள் கேட்பது ஏதோ ஒரு பட்டம்தான்.

நான்காம் ஆண்டின் உண்மையான பயன் ஆராய்ச்சியில் இருக்கிறது. முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவருக்கு 12 கிரெடிட் ஆய்வேடு. பட்டத்திலும் 75 சதவீதம் வந்தால் முதுகலை இல்லாமலே பிஎச்டிக்கு விண்ணப்பிக்கலாம். அந்த ஆறு செமஸ்டரில் 74இல் நின்றவர் ஆய்வேட்டுக்குப் பதில் மூன்று தாள்கள் எழுதி, ஆய்வு சேராத வெறும் ஹானர்ஸோடு வெளியேறுவார். ஒரு வருடக் கட்டணமும் விடுதிச் செலவும் மட்டும் குறையாது.

சிக்கல் வருவது இங்கேதான்: ஆய்வை வழிநடத்த ஆளும் ஆய்வகமும் இல்லாத கல்லூரியில் அந்த 12 கிரெடிட் பழைய புராஜெக்ட் நோட்டாகிவிடும். நான்காண்டு முடித்தவர் முதுகலையை ஓராண்டில் முடிக்கலாம் என்பது யுஜிசியின் கணக்கு. நீங்கள் சேர நினைக்கும் பல்கலைக்கழகம் அந்த ஓராண்டுப் படிப்பை உங்கள் துறையில் நடத்துகிறதா என்று ஆறாம் செமஸ்டருக்கு முன்பே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் மூன்றாண்டுப் பட்டம் கூட்டல் இரண்டாண்டு முதுகலைதான் லாபம்.