தொட்டி மாட்ட வந்தவர் கீசரின் வெளிக்குழாயை அடைத்துவிட்டுப் போனார்: டொங்காட், வெருலம், ஃபீனிக்ஸ் மக்கள் கவனிக்கவும்

தொட்டி, பம்பு, கீசர் சர்வீஸ் மூன்றையும் சேர்த்து ஒரே விலையில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால், இதைப் படித்த பிறகு முன்பணம் கொடுங்கள். தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த டொங்காட்டில் எங்கள் பெரியம்மா வீட்டில் செய்துவிட்டுப் போன வேலை ஆளையே கொன்றிருக்கும்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் சுத்திகரிப்பு நிலையம் நாசமானதும், ஊரே மாதக்கணக்கில் டேங்கர் லாரிக்கு வாளியோடு நின்றதும் இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. குழாயில் தண்ணீர் திரும்பி வந்த பிறகும் நம்பிக்கை வரவில்லை. எப்போது நிற்கும் என்று தெரியாது. பெரியம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, வாளி தூக்கும் உடம்பு இல்லை. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் பிள்ளைகள் எல்லாரும் அவர் வீட்டில்தான் தங்குவார்கள். விடிவதற்கு முன் அத்தனை பேரும் தலைக்குக் குளிக்க வேண்டும். அதற்குள் ஒரு ஜோஜோ பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வைத்துவிட வேண்டும் என்று பென்ஷனில் பணம் சேர்த்து வைத்திருந்தார்.

வந்தவர் தமிழ்க்காரர்தான். பெயர் எழுதிய பக்கி (பிக்கப்) வண்டி, பணிவான பேச்சு. “ஆன்ட்டி, எல்லாம் நான் பார்த்துக்கிறேன், கீசரும் பழசா இருக்கு, ஆனோடு கம்பி மாத்தி சர்வீஸ் பண்ணிடறேன்” என்றார். ஆனோடு கம்பி என்பது கீசர் துருப்பிடிக்காமல் காக்க உள்ளே இருக்கும் கம்பி. எழுத்தில் எதுவும் இல்லை. பாதிக்கு மேல் முன்பணம், வேலை முடிந்த அன்றே மீதி. சான்றிதழ் வாட்ஸ்அப்பில் வரும் என்றார். இன்றுவரை வரவில்லை.

முதல் கோளாறு தொட்டியில். தெருவில் தண்ணீர் நின்ற இரவெல்லாம் 2,500 லிட்டர் தொட்டி காலைக்குள் காலியாகும், பம்பு விடிய விடிய ஓடும். கேட்டால், “வீட்டுல தண்ணியை அதிகமா செலவு பண்றீங்க ஆன்ட்டி” என்று அவர் மேலேயே பழியைப் போட்டார். தனியாக இருக்கும் ஒரு மனுஷி 2,500 லிட்டரை ஒரே இரவில் என்ன செய்வார்? இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

அடுத்து, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கீசர் குழாயிலிருந்து வெந்நீர் நாள் முழுக்க ஒழுக ஆரம்பித்தது. பெரியம்மா மறுபடி கூப்பிட்டார். வந்தார், சீலிங்குக்குள் கொஞ்ச நேரம் இருந்தார், வால்வு மாற்றினேன் என்று தனியாகப் பணம் வாங்கினார். ஒழுக்கு நின்றது.

எப்படி நின்றது என்பதைக் காவடிக்கு ஜோஹானஸ்பர்க்கிலிருந்து வந்த அண்ணன்தான் கண்டுபிடித்தார். குழாயின் வாயில் ஒரு பித்தளை மூடியைத் திருகி அடைத்திருந்தார்கள்.

அண்ணன் உடனே பதிவுபெற்ற ப்ளம்பர் ஒருவரை வரவழைத்தார். அவர் அந்த மூடியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, முதலில் டிபி போர்டில் (வீட்டு மின்சுவிட்ச் பெட்டியில்) கீசரின் சுவிட்சை அணைத்தார். அதற்குப் பிறகுதான் விளக்கினார். 150 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் 2 லிட்டருக்கு மேல் விரியும். அந்த அழுத்தம் வெளியேறவும், தெர்மோஸ்டாட் கெட்டுத் தண்ணீர் கொதித்தால் கீசர் வெடிக்காமல் இருக்கவும் இருப்பதுதான் அந்தக் குழாயோடு சேர்ந்த பாதுகாப்பு வால்வு. அதன் வெளிவழியை அடைப்பது குக்கரில் வெயிட்டையும் சேஃப்டி வால்வையும் சேர்த்து அடைத்துவிட்டு அடுப்பைக் கூட்டுவது போல. அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீராகவே இருக்கும். கீசர் கிழிந்த நொடியில் அது ஆவியாகப் பொங்கிக் கூரையைத் தூக்கும். அந்தக் கீசர் இருந்தது காவடிப் பிள்ளைகள் படுத்த அறைக்கு நேர் மேலே.

ஒழுகியதற்குக் காரணம் வால்வு அல்ல. நம் வீடுகளில் இருக்கும் கீசர் பெரும்பாலும் 400 கிலோபாஸ்கல் அழுத்தம் வரைக்கும்தான் தாங்கும். அதற்காகத்தான் வரும் தண்ணீரின் அழுத்தத்தைக் குறைக்கும் கட்டுப்பாட்டு வால்வு இருக்கிறது. முதலில் வந்தவர் பம்பின் குழாயை அந்த வால்வைத் தாண்டிக் கொண்டுபோய் இணைத்திருந்தார். பம்பின் முழு அழுத்தமும் நேராகக் கீசருக்குள் இறங்க, பாதுகாப்பு வால்வு தன் வேலையைச் செய்து வெளியே விட்டிருக்கிறது. தொட்டி காலியானதற்கும் காரணம் கிடைத்தது. தெருக் குழாய்ப் பக்கம் திரும்புவதைத் தடுக்கும் ஒருவழி வால்வே போடவில்லை. தெருக் குழாய் வறண்டதும் பெரியம்மாவின் தண்ணீர் மொத்தமும் அதற்குள் போய்க்கொண்டிருந்தது. மாற்றியதாகச் சொன்ன பாதுகாப்பு வால்வு பழையதேதான். ஆனோடு கம்பி இருக்கும் மூடியின் போல்ட்டுகளில் துரு அப்படியே படிந்திருந்தது, ஸ்பானர் பட்ட தடமே இல்லை.

உங்கள் வீட்டில் வேலை நடந்தால் இவற்றைக் கேளுங்கள். கீசர் பொருத்துவதற்கு இந்த நாட்டில் சான்ஸ் (SANS) 10254 என்ற தேசியத் தரவிதி இருக்கிறது. சீலிங்கில் இருந்தால் கீழே ஒழுக்குத் தட்டு, வேக்கம் பிரேக்கர் (கீசர் தண்ணீர் பின்னால் உறிஞ்சப்படாமல் காற்றை உள்ளே விடும் வால்வு), அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு, பாதுகாப்பு வால்வுக்கு வெளிச்சுவர் வரை உலோகக் குழாய் எல்லாம் வேண்டும். வேலையை முடிக்கும் ப்ளம்பர், ப்ளம்பிங் தொழில் பதிவு வாரியத்தில் (பிஐஆர்பி) உரிமம் உள்ளவராக இருந்தால் இணக்கச் சான்றிதழ் தர முடியும். அது கைக்கு வரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். கீசர் வெடித்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் தரவிதிப்படி பொருத்தியிருக்கிறதா என்பதைத்தான்.

இன்னொன்று, நம்மில் பலருக்குத் தெரியாது. 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 67ஆம் பிரிவின்படி, பழுது பார்க்கும்போது கழற்றிய பாகங்களை நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலொழிய உங்களிடமே திருப்பித் தர வேண்டும். “பழைய வால்வைக் கொடுங்க தம்பி” என்று பெரியம்மா கேட்டபோது, “குப்பையில போட்டுட்டேன் ஆன்ட்டி” என்றார். அந்தப் பதிலே போதும் சந்தேகப்படுவதற்கு. மாற்றிய பாகத்துக்குக் குறைந்தது 3 மாத உத்தரவாதமும் அதே சட்டத்தில் இருக்கிறது.

படங்கள், வங்கி ரசீது, இரண்டாவது ப்ளம்பரின் அறிக்கை எல்லாம் சேர்த்துப் புகார் கொடுத்திருக்கிறோம். அது முடியும்வரை பெயரை இங்கே எழுதவில்லை.

இன்றைக்கே வெளியே போய் உங்கள் கீசரின் வெளிக்குழாயைப் பாருங்கள். சூடாகும் நேரத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தால் பயமில்லை. நாள் முழுக்க ஓடினால் ப்ளம்பரைக் கூப்பிடுங்கள். மூடியோ, கட்டையோ, துணியோ வைத்து அடைத்திருந்தால் நீங்களாகக் கழற்றாதீர்கள், கொதிநீர் பீறிடும். டிபி போர்டில் கீசரை அணைத்துவிட்டு, அந்த அறையில் யாரையும் படுக்க விடாமல், பதிவுபெற்ற ப்ளம்பரை வரவழையுங்கள்.