பணப்பரிசா, அஞ்சலட்டையா? விக்கிப்பீடியா போட்டிகள் குறித்து ஓர் அலசல்

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவோர் குறையும்போதெல்லாம் அதன் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் யாராவது ஒருவர், "ஒரு போட்டி வைக்கலாமே" என்பார். வைக்கலாம்தான். எப்படிப்பட்ட போட்டி என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு.

முதலில் பணப்பரிசு. கூகுளும், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையும் துணைநிற்க, 2018 மார்ச் முதல் மே வரை இந்திய மொழிகளுக்கு நடந்த வேங்கைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஏற்கெனவே எழுதிவந்தவர்களில் சிலருக்கு மடிக்கணினியும் இணையச் செலவும் கொடுத்தார்கள். தனியாகக் கட்டுரைப் போட்டி. ஒவ்வொரு மொழியிலும் மாதந்தோறும் முந்தியவர்களுக்குப் பணம். மொழிகளுக்கிடையே அந்த ஆண்டு பஞ்சாபி முதலிடம், தமிழ் இரண்டாமிடம். 2019–20 சுற்றில் தமிழ் முதலிடத்துக்கு வந்தது. மொழிக்கு மொழி போட்டி என்பது இதில் எனக்கு மிகப் பிடித்த அம்சம். தனியாளாகத் தோற்பவரும் தமிழுக்காக இன்னொரு கட்டுரை எழுதுவார்.

ஆனால் எண்ணிக்கைக்குப் பரிசு என்றாலே ஒரு சிக்கல் கூடவே வருகிறது. முதல் வாரத்திலேயே ஒருவர் முப்பது கட்டுரை எழுதிவிட்டால், பள்ளிக்கூட வேலை முடிந்து இரவில் உட்காரும் ஆசிரியருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை என்று புரிந்துவிடும். அவர் இரண்டே கட்டுரையோடு நின்றுவிடுவார். முந்துகிறவரும் அவசரத்தில் கருவி மொழிபெயர்ப்பை அப்படியே ஏற்றத் துணிவார். துப்புரவு செய்ய ஆள் தேட வேண்டியிருக்கும். பரிசுக்கென்று வந்தவர்கள் தங்குவதும் அரிது. 2009–10இல் சுவாகிலி விக்கிப்பீடியாவுக்காகக் கிழக்கு ஆப்பிரிக்க மாணவர்களிடையே கூகுள் நடத்திய போட்டியில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்தன. போட்டி முடிந்ததும் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை.

இதற்கு நேர்மாறானது விக்கிப்பீடியா ஆசிய மாதம். 2015 முதல் நவம்பர்தோறும் நடக்கிறது. சொந்த நாட்டை விட்டுப் பிற ஆசிய நாடுகளைப் பற்றி எழுத வேண்டும். ஒவ்வொரு கட்டுரையும் குறைந்தது 300 சொற்கள். நடுவர்கள் படித்து ஏற்க வேண்டும். நான்கு கட்டுரை தேறினால் வேறொரு நாட்டு விக்கிச் சமூகத்திலிருந்து ஓர் அஞ்சலட்டை வீடு தேடி வரும். (2015இல் மட்டும் ஐந்து கட்டுரை.) இங்கே யாரும் யாரையும் முந்த வேண்டியதில்லை. அந்தப் பள்ளி ஆசிரியர் வாரம் ஒன்று எழுதினாலே போதும். எல்லையைத் தொட்ட அத்தனை பேருக்கும் பரிசு உண்டு. வெளிநாட்டு முத்திரை குத்திய அட்டையைப் பார்க்கையில் நாம் எழுதியதை யாரோ மதித்திருக்கிறார்கள் என்ற நிறைவு வரும். பரிசாக வந்த பணம் செலவாகிவிடும். அட்டை மேசையில் இருக்கும்.

பரிசே இல்லாத நூறு விக்கி நாட்கள் அறைகூவலும் உண்டு. நாளுக்கு ஒரு புதிய கட்டுரை, தொடர்ந்து நூறு நாள்; ஒரு நாள் தவறினால் மறுபடி முதலிலிருந்து. ஊறிப்போனவர்களுக்கு அருமையானது. புதியவரிடம் இதைச் சொன்னால் மிரண்டுவிடுவார்.

ஒளிப்படங்களுக்கு மட்டும் என் அளவுகோல் வேறு. 2011 நவம்பர் முதல் 2012 பிப்ரவரி வரை நடந்த தமிழ் விக்கி ஊடகப் போட்டியில் 15,000க்கும் மேற்பட்ட கோப்புகள் சேர்ந்தன. கோயில் தூணையோ மீன்பிடி வலையையோ படமெடுத்து ஏற்றினால் அந்த வேலை அதோடு முடிந்தது. எடுத்தவர் திரும்பி வராவிட்டாலும் படம் பயன்படும். ஆகவே அங்கே பணப்பரிசு சரிதான். கட்டுரை அப்படியில்லை, ஆண்டுக்கணக்கில் பராமரிக்க ஆள் வேண்டும்.

அடுத்த போட்டிக்குத் தொகை கிடைத்தால் முதல் மூன்று இடங்களுக்கு அதைப் பிரிக்க வேண்டாம் என்பேன். நான்கு கட்டுரை தேறிய எல்லாருக்கும் அஞ்சலட்டையோடு ஒரு நல்ல தமிழ்ப் புத்தகம் அனுப்பலாம். மிச்சத்தில், ஆறு மாதம் கழித்தும் எழுதிக்கொண்டிருப்பவர்களை ஓரிடத்தில் கூட்டி இரண்டு நாள் பட்டறை நடத்தலாம்.