பதினோராம் வகுப்பிலேயே விமானி ஆக்குகிறோம் என்று பணம் கேட்டால்: எங்கள் வீட்டில் நடந்தது

நான் ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள நகரியில் தமிழாசிரியராக வேலை செய்கிறேன். என் தங்கை பக்கத்திலுள்ள ஏகாம்பரக்குப்பத்தில் நான்கு விசைத்தறிகளை வைத்துக் குடும்பம் நடத்துகிறாள். அவளுடைய மகளை விமானி ஆக்குவதாகச் சொன்ன சென்னை நிறுவனம் ஒன்றுக்கு, 2023 ஜூன் முதல் 2024 ஜனவரி வரை மூன்று தவணைகளில் 2,40,000 ரூபாய் கட்டினோம். அதில் பெரும்பகுதி தங்கை எடுத்த சீட்டுப் பணம். புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இதே முறையில் பேசுகிறவர்களை அடையாளம் காண, நடந்தவை போதும்.

திருத்தணியில் ஒரு கல்விக் கண்காட்சிக்குப் போன இடத்தில்தான் அவர்களைச் சந்தித்தோம். தோளில் பட்டை வைத்த வெள்ளைச் சட்டையுடன் இரண்டு இளைஞர்கள் நின்றிருந்தார்கள்; பத்தாம் வகுப்பு முடித்ததுமே சேர்ந்தால் இரண்டு ஆண்டுகள் மிச்சமாகும் என்றார்கள். "நீதான் படிச்சவன், நீயே போய்ப் பார்த்துட்டு வா அண்ணா" என்று தங்கை என்னிடம் பொறுப்பைக் கொடுத்தாள். நானும் மருமகளை அழைத்துக்கொண்டு ரயிலேறிப் போய், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, ரசீதின் பின்பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டு வந்தேன். மாணவர்களிடம் வினாத்தாளை முழுவதும் படித்துவிட்டு விடை எழுதுங்கள் என்று ஆண்டுதோறும் சொல்கிறவன் நான்.

முதல் பொய் கணிதத்தைப் பற்றியது. ஆந்திராவில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளாகிய இன்டர் படிப்பு அப்போது பிரிவு பிரிவாக நடந்தது: எம்பிசி என்ற பிரிவில் கணிதம் உண்டு, உயிரியல் இல்லை, பைபிசி என்ற பிரிவில் உயிரியல் உண்டு, கணிதம் இல்லை. மருத்துவம் படிக்கட்டும் என்று தங்கை விரும்பியதால் எங்கள் பெண் பைபிசியில் சேர்ந்திருந்தாள். வணிக விமானி உரிமமாகிய சி.பி.எல். பெறுவதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் தேறியிருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. இதை நான் கேட்காமலும் இல்லை. "ஃபிசிக்ஸ் இருக்கே சார், அது போதும், மேத்ஸ் பின்னாடி பார்த்துக்கலாம்" என்று அங்கே எங்களிடம் பேசியவர் பதில் சொன்னார். தமிழ்நாட்டில் ஃபர்ஸ்ட் குரூப் எடுக்கும் பிள்ளைகள் கணிதத்தையும் உயிரியலையும் சேர்த்தே படிப்பதால், அவர் எங்கள் பிரிவைப் புரிந்துகொள்ளாமல் சொல்லியிருக்கலாம் என்று சில நாள் அவருக்காக நானே வாதாடினேன். பிறகு, எங்களைப் போல நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த இன்னும் இரண்டு பைபிசி மாணவர்களிடமும் இதே பதிலைச் சொல்லியிருந்தார் என்று தெரிந்தது. இந்த விதியைத் தளர்த்தப்போவதாக 2025-இல் செய்திகள் வந்தன. இன்றைய நிலையைச் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின், அதாவது டி.ஜி.சி.ஏ.வின், தளத்தில் பார்த்துத்தான் நம்ப வேண்டும், தரகரின் வாய்ச்சொல்லை அல்ல.

இரண்டாவது, பறக்கும் மணிக்கணக்கு. சனிக்கிழமைதோறும் சென்னைக்குப் போன பிள்ளைக்கு, கணினித் திரையும் கைப்பிடியும் மிதிகட்டையும் சேர்ந்த ஒரு மேசையில் 'சிமுலேட்டர் பயிற்சி' கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும், விமானிகள் பறந்த நேரத்தைக் குறிக்கும் ஏடாகிய லாக் புக்கில் மணி எழுதி முத்திரை குத்தினார்கள். ஆறு மாத முடிவில் அதில் 25 மணி நேரம் சேர்ந்திருந்தது, சி.பி.எல்.லுக்கு வேண்டிய 200 மணியில் எட்டில் ஒரு பங்கு முடிந்துவிட்டது என்று தங்கையிடம் கணக்குச் சொன்னார்கள். உண்மையில் அந்த 200 மணி விமானத்தில், அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியில் பறந்து சேர்க்க வேண்டியது. அதில் 100 மணி மாணவர் தாமே விமானத்தின் பொறுப்பில் இருந்து ஓட்டியதாக இருக்க வேண்டும்; 300 கடல்மைலுக்குக் குறையாத தொலைவுப் பயணம் ஒன்றும் வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சிக்குரிய 10 மணியில், அதிகபட்சம் 5 மணியை மட்டுமே சிமுலேட்டரில் செய்யலாம். அதுவும் அங்கீகரிக்கப்பட்ட சிமுலேட்டராக இருந்தால்தான். மேசைக் கணினிக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. லாக் புக்கில் விமானத்தின் பதிவெண் எழுதும் பத்தி பக்கம் பக்கமாக வெறுமையாகவே இருந்தது. நம் நாட்டுச் சிவில் விமானம் ஒவ்வொன்றுக்கும் வி.டி. என்று தொடங்கும் எண் உண்டு. அந்த வெற்றுப் பத்தியை முதலில் கவனித்தவள் என் மருமகள்தான். "மாமா, எந்த விமானத்துல நான் பறந்தேன்?" என்று கேட்டாள்.

அன்றிரவு என் கைபேசியில் டி.ஜி.சி.ஏ. தளத்தைத் திறந்து, அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளிகளின் பட்டியலை அவளே தேடிப் படித்தாள். நாங்கள் பணம் கட்டிய பெயர் அதில் இல்லை. மறுநாள் கேட்டபோது, பட்டியலிலுள்ள ஒரு பள்ளியோடு தங்களுக்கு ஒப்பந்தம் உண்டு என்றார்கள். அந்தப் பள்ளிக்குத் தொலைபேசியில் பேசினால், அப்படி ஒரு நிறுவனத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்த இந்தச் சோதனையை ஜூன் மாதமே செய்திருக்கலாம்.

பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. மாணவ விமானி உரிமம் வாங்கித் தருவதாக 30,000 ரூபாய் வாங்கியிருந்தார்கள். பதினாறு வயது நிறைந்து, பத்தாம் வகுப்புத் தேறி, மருத்துவத் தகுதியும் பெற்றவருக்கு, அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளி வாய்மொழித் தேர்வு வைத்துத் தருவது அது. இடையில் ஒருவர் வாங்கித் தரும் பொருள் அல்ல. சி.பி.எல். தேர்வுகளை எழுதுவதற்கு டி.ஜி.சி.ஏ. தரும் பதிவு எண்ணாகிய கம்ப்யூட்டர் நம்பருக்கும் பணம் வாங்கியிருந்தார்கள். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்று கேட்பார்கள்; இன்டர் முதலாண்டுப் பிள்ளையிடம் அது எப்படி இருக்கும்?

மருத்துவச் சோதனையில் செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அறிமுகமான ஒரு மருத்துவரிடம் உயரம், எடை, கண் பார்த்து, 'விமானிப் பணிக்குத் தகுதி' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். டி.ஜி.சி.ஏ. பட்டியலிலுள்ள மருத்துவரிடம் செய்யும் கிளாஸ் 2 சோதனைதான் முதற்படி, சி.பி.எல்.லுக்கு அதன்மேல் கிளாஸ் 1 தேவை. எங்கள் பகுதிக்கு அதற்குப் பெங்களூரில் விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு நிறக்குருடு இருந்தால் சீட்டு எடுக்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டாமா? எங்கள் பெண் பின்னர் முறையான கிளாஸ் 2 சோதனையில் தேறினாள் என்பது எங்கள் நல்லூழ். அந்த நிறுவனம் அதற்குக் காரணமல்ல.

இப்போது அவள் இன்டர் முடித்துவிட்டு, தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் கணிதத்தை மட்டும் தனிப்பாடமாக எழுதப் படித்துக்கொண்டிருக்கிறாள். உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசு நடத்தும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமியின் நுழைவுத் தேர்வு அவளுடைய இலக்கு. அங்கேயும் சி.பி.எல். படிப்புக்குப் பல இலட்சம் வேண்டும்; வங்கிக் கடனுக்கு ஈடாக வைக்க எங்களிடம் தறிக்கொட்டகை தவிர வேறில்லை. அதைப் பிறகுதான் யோசிக்க வேண்டும். பள்ளியிலோ கல்லூரியிலோ என்.சி.சி. விமானப் பிரிவு இருந்தால் சேருங்கள். செலவில்லாமல் விமானத்தின் அருகே போக எனக்குத் தெரிந்த வழி அதுதான். எங்கள் ஊரில் அது இல்லை.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது, கட்டணம் திரும்பத் தரப்படாது என்று ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார்கள். வழக்குப் போடுவதானால் சென்னையில்தான் போட வேண்டும், ஆந்திராவில் செல்லாது என்றும் சொன்னார்கள். மாநில எல்லையோரம் வாழ்கிறவர்களை மடக்க இது வசதியான பேச்சு. நானும் ஒரு மாதம் நம்பினேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிய பிறகு எங்கள் மாவட்டத்திலேயே மனுக் கொடுத்தோம். இரண்டு முறை விசாரணைக்கு வந்தது. எதிர்த்தரப்பு இரண்டு முறையும் வாய்தா கேட்டது. அவர்கள் அனுப்பிய வாட்ஸப் செய்திகளில், "மேத்ஸ் தேவையில்லை" என்று எழுதியது இருக்கிறது. மருமகள் அதை அழிக்காமல் வைத்திருந்தாள். ரசீதைவிட அந்த ஒரு வரியைத்தான் எங்கள் வழக்கறிஞர் பெரிதாக நம்புகிறார். இதே இடத்தில் பணம் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், கைபேசி மாற்றும்போது பழைய செய்திகளை விட்டுவிடாதீர்கள்.