ஆறு வருட யாட்ஸி: பூஜ்யத்தை எங்கே எழுதுவது?

யாட்ஸி ஆடத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. வாரத்துக்கு நான்கைந்து ஆட்டம். பெரும்பாலும் அக்காவுடன், அவர் இல்லாத நாளில் தனியாக. ஒவ்வொரு ஆட்டத்தின் ஸ்கோரையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பது என் கிறுக்கு. முதல் வருடம் என் சராசரி 190-ஐத் தாண்டவில்லை. இப்போது 230-ஐ ஒட்டி நிற்கிறது. பகடைகள் அதே ஐந்துதான், மூலைகள் மட்டும் கொஞ்சம் மழுங்கியிருக்கின்றன. மாறியது ஒன்றே ஒன்று: எதுவுமே சரியாக விழாத சுற்றை எந்தக் கட்டத்தில் தள்ளிவிடுவது என்பது இப்போது எனக்குத் தெரிகிறது.

ஆடிப் பழகாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1956-இல் எட்வின் லோ என்பவர் சந்தைக்குக் கொண்டுவந்த ஆட்டம் இது. ஐந்து பகடை, 13 கட்டம், 13 சுற்று. ஒரு சுற்றில் மூன்று முறை வரை உருட்டலாம். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை மறுபடி உருட்டலாம். சுற்று முடிந்ததும் காலியாக உள்ள ஏதாவது ஒரு கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும், பூஜ்யமானாலும் சரி. மேல் பகுதியில் ஒன்றுகள் முதல் ஆறுகள் வரை ஆறு கட்டம், ஒவ்வொன்றிலும் அந்த எண் விழுந்த பகடைகளை மட்டும் கூட்டி எழுத வேண்டும்; அங்கே மொத்தம் 63 சேர்ந்தால் 35 போனஸ். கீழே ஃபுல் ஹவுஸுக்கு (ஒரு எண்ணில் மூன்று, இன்னொன்றில் இரண்டு) 25, சின்ன ஸ்ட்ரெய்ட்டுக்கு (அடுத்தடுத்த நான்கு எண்கள்) 30, பெரிய ஸ்ட்ரெய்ட்டுக்கு (அடுத்தடுத்த ஐந்து எண்கள்) 40, ஐந்தும் ஒரே எண்ணாக விழும் யாட்ஸிக்கு 50. மூன்று ஒரே எண், நான்கு ஒரே எண், எது விழுந்தாலும் கூட்டி எழுதும் சான்ஸ் ஆகிய மூன்றிலும் பகடைகளின் கூட்டுத்தொகை.

எல்லாரையும் போல நானும் முதலில் யாட்ஸி பின்னால் ஓடினேன். இரண்டு நான்கு விழுந்தால் போதும், மூன்றாவது நான்கு, நான்காவது நான்கு என்று கனவு ஆரம்பித்துவிடும். கணக்கு என்ன சொல்கிறது? ஒரு சுற்று முழுவதையும் யாட்ஸிக்கென்றே ஒதுக்கினாலும் கிடைக்கும் வாய்ப்பு 4.6%தான், ஏறக்குறைய 22 சுற்றுக்கு ஒன்று. முதல் உருட்டலிலேயே மூன்று ஒரே எண் விழுந்த பிறகும் மீதி இரண்டும் சேர்ந்து அமைய 9.3%. இதைத் தெரிந்துகொண்ட பிறகு யாட்ஸி விழுந்தால் மகிழ்ச்சி, விழாவிட்டால் அழுவதில்லை.

உண்மையான பணம் மேல் பகுதியில் இருக்கிறது. 63 என்பது ஒவ்வொரு எண்ணிலும் மூன்று என்ற கணக்கு. ஆனால் ஒரு எண்ணை முன்பே முடிவுசெய்து, மூன்று உருட்டலிலும் அதை மட்டுமே பொறுக்கினால் சராசரியாகக் கிடைப்பது 2.1 பகடை. மூன்றோ அதற்கு மேலோ சேர்வது நூற்றுக்கு 35 முறைதான். அதாவது "இந்தச் சுற்றில் ஐந்துகள்" என்று தீர்மானித்துக்கொண்டு உட்கார்ந்தால் போனஸ் கிட்டாது. முதலில் உருட்டு, எந்த எண் கூடுதலாக வருகிறதோ அதன் பின்னால் போ. நான் பல மாதம் ஒன்றுகள், இரண்டுகள், மூன்றுகள் என்று வரிசையாக நிரப்பிக்கொண்டு வந்தவன். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

அப்புறம் ஆறுகள். 6 6 6 6 1 விழுந்தால் நான்கு ஒரே எண் கட்டத்தில் 25, ஆறுகள் கட்டத்தில் 24. ஒரு புள்ளி கூடுதல் என்று கீழே எழுதத்தான் கை போகும். நான் இப்போது மேலே எழுதுகிறேன். மூன்று ஆறுக்கு 18 போதும் என்னும்போது இங்கே 6 உபரி. அந்த 6-ஐக் கொண்டு ஒன்றுகளில் பூஜ்யம் விழுந்ததையும் (3 குறைவு), மூன்றுகளில் இரண்டே விழுந்ததையும் (இன்னொரு 3) அடைத்துவிடலாம். இரண்டு ஓட்டை, ஒரே ஒட்டு.

ஒன்றுகள் கட்டம்தான் என் குப்பைத்தொட்டி. ஆட்டத்தின் தொடக்கத்தில் எதற்கும் உதவாத 1 2 4 6 6 மாதிரி ஏதாவது மிஞ்சினால், ஒரே ஒரு ஒன்று இருந்தாலும் அங்கே எழுதிவிடுவேன். அந்தக் கட்டத்தின் சராசரி மதிப்பே 2 சொச்சம். இழப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. புதியவர்கள் இந்த இடத்தில் சான்ஸை எடுத்து 19 எழுதிவிடுகிறார்கள். எண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் சான்ஸ் கடைசி வரை காலியாக இருந்தால் பத்தாவது சுற்றில் ஸ்ட்ரெய்ட் கைநழுவும்போது தாங்கிப் பிடிக்கும். அதற்கென்றே ஒரு சுற்று ஆடினால் சராசரி 23.3 வரும். வழியும் எளிது: முதல் உருட்டலுக்குப் பின் 5, 6 மட்டும் வை, இரண்டாவதற்குப் பின் 4-ஐயும் சேர்த்து வை.

ஒன்றுகளும் நிரம்பிவிட்டால் அடுத்த பூஜ்யம் எங்கே? இங்கேதான் எனக்கு நெடுநாள் பிடித்தது. கடைசிச் சுற்றுகளில் யாட்ஸி கட்டத்தைத் தியாகம் செய்ய மனசு வராது, 50 ஆயிற்றே! ஆனால் ஒரே ஒரு சுற்று மிச்சம் இருக்கும்போது அந்தக் கட்டத்தின் மதிப்பு 50-இல் 4.6%, அதாவது 2.3. காலியாக இருக்கும் ஒன்றுகள் கட்டத்தை விட மயிரிழைதான் அதிகம். இது தெரிந்த நாளிலிருந்து பதினொன்றாம், பன்னிரண்டாம் சுற்றில் தயங்காமல் யாட்ஸியில் பூஜ்யம் போடுகிறேன். ஆட்டத் தொடக்கத்தில் மட்டும் போடுவதில்லை. அங்கே பூஜ்யம் எழுதிவிட்டால் பின்னால் விழும் யாட்ஸிகளுக்கு உரிய 100 போனஸும் போய்விடும்.

ஸ்ட்ரெய்ட்டில் ஒரு சின்ன விஷயம். 2 3 4 5 கையில் இருந்து இரண்டு உருட்டல் மிச்சம் என்றால் பெரிய ஸ்ட்ரெய்ட் அமைய 55.6% வாய்ப்பு. 1 2 3 4 என்றால் 5 மட்டுமே உதவும், 30.6%. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும்.

தனியாக ஆடும் யாட்ஸியைக் கணினி கொண்டு முழுவதுமாகத் தீர்த்துவிட்டார்கள். பிழையே இல்லாமல் ஆடினால் சராசரி 254 புள்ளி சொச்சம். அந்தக் கச்சிதமான ஆட்டத்திலும் மேல் போனஸ் மூன்றில் இரண்டு ஆட்டத்துக்குக் கொஞ்சம் மேல்தான் கிடைக்கிறது. போனஸ் தவறிய நாளில் இதை நினைத்துக்கொள்வேன்.

எதிரே ஆள் இருந்தால் கணக்கே வேறு. ஒருமுறை அக்கா ஆடி முடித்துவிட்டார். நான் 60 பின்னால், எனக்கு இரண்டு சுற்று, காலியாக யாட்ஸியும் சான்ஸும். விழுந்தது 2 2 2 5 6. 5, 6-ஐ வைத்துக்கொண்டு சான்ஸை வளர்க்கத்தான் கை போகும். ஆனால் யாட்ஸி இல்லாமல் வெல்லவே முடியாது, சான்ஸில் 25 எழுதினாலும் தோல்விதான். இரண்டுகளை வைத்தேன். விழவில்லை. தோற்றேன், அதுவும் கேவலமான ஸ்கோரில். ஆனாலும் நோட்டில் அந்த ஆட்டத்தின் பக்கத்தில் "சரி" என்றுதான் குறித்திருக்கிறேன். தவறான தீர்மானத்துக்கு மட்டும் சிவப்புப் புள்ளி வைப்பேன். வென்ற ஆட்டங்களிலும் சிவப்புப் புள்ளிகள் ஏராளம்.

நடுவில் ஒரு வருடம் போன் செயலியில் ஆடினேன். கூட்டல் தானாக நடக்கும், போனஸுக்கு எவ்வளவு குறைகிறது என்று காட்டும், வசதிதான். ஆனால் ஒவ்வொரு உருட்டலுக்குப் பின்னும் எந்தக் கட்டத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று மினுக்கிக் காட்டிக்கொண்டே இருந்தது. கண் தானாக இருப்பதிலேயே பெரிய எண்ணுக்குப் போகும். அந்த வருடத்தில்தான் என் சிவப்புப் புள்ளிகள் கூடின. காகிதத்துக்குத் திரும்பிவிட்டேன். அதில் ஒரே தொல்லை, மேஜையை விட்டு விழுந்த பகடை செல்லுமா செல்லாதா என்ற சண்டை. செல்லாது என்று எழுதியே வைத்திருக்கிறோம், இருந்தும் சண்டை வரும்.

இன்னும் எனக்குக் கைவராத இடம் ஒன்று உண்டு. ஆட்டத் தொடக்கத்தில், முதல் உருட்டலிலேயே 5 5 5 2 2. ஃபுல் ஹவுஸ் தயாராக இருக்கிறது, 25 உறுதி. பிரித்தால் ஐந்துகளில் 15 கையிலேயே இருக்கிறது. மேலே போனால் 20, யாட்ஸிகூட அமையலாம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு 25-ஐ எழுதுவார். நான் பிரிப்பேன். நேற்றும் பிரித்தேன். இரண்டு உருட்டலுக்குப் பின் 5 5 5 1 4. ஐந்துகளில் 15 எழுதினேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் பகடைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.