ஷூட்டிங்குக்கு வீடு, தோட்டம் கொடுக்கிற எல்லைப் பக்கத்து ஆட்கள் கவனத்துக்கு

கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் சினிமாக்காரர்களுக்கு வீடு, தோப்பு, மாடு, வண்டி வாடகைக்கு விடுகிறவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். நடிகர் பெயரும் கம்பெனி பெயரும் எழுதவில்லை. வக்கீல் இப்போதைக்கு வேண்டாம் என்றிருக்கிறார். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கள் இறக்குகிற ஒருவனைப் பற்றிய தமிழ்ப் படம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. பாளை சீவுவதும் கள்ளுக்கடையும் நிஜமாக வேண்டுமென்றால் எல்லை தாண்டி இங்கேதான் வர வேண்டும். நம் சித்தூர் தாலூகாவில் (ஆந்திராச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்) கள் இறக்கும் தென்னந்தோப்புக்குக் குறைவில்லை, பேச்சும் தமிழ்தான். பொள்ளாச்சியில் ரூம் போட்டுக்கொண்டு தினமும் வந்து போகலாம் என்பது அவர்கள் கணக்கு. ஹீரோ பெரிய பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும் எங்கள் ஊரில் யாருக்கும் வேறு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

வந்தவர் புரொடக்‌ஷன் மேனேஜர். எங்கள் பழைய ஓட்டு வீட்டையும் அதை ஒட்டிய தோப்பையும் பார்த்து, டைரக்டருக்கு வீடியோ கால் போட்டுக் காட்டி, அங்கேயே முடிவு பண்ணினார். டோக்கன் அட்வான்ஸ் 10,000 ரூபாய் அவருடைய சொந்த நம்பரிலிருந்து ஜிபேயில் வந்தது. வாடகை ஷூட்டிங் நடக்கிற நாளுக்கு மட்டும். அதற்கு முன்னால் ஆர்ட் டிபார்ட்மென்ட் வந்து வேலை செய்கிற நாட்களுக்கு ஒன்றும் கிடையாது, "அதெல்லாம் எல்லா ஊர்லயும் அப்படித்தாண்ணே" என்றார்.

பூஜை சென்னையில் நடந்தது, போட்டோவும் வந்தது. அதன்பிறகு ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆட்கள் இறங்கினார்கள். வீடு வசதியாக இருக்கிறதாம், ஏழை வீடாகத் தெரிய வேண்டுமாம். சமையல்கட்டுச் சுவரில் கரியைக் கரைத்து அடித்தார்கள். டைல்ஸ் போட்ட திண்ணை மேல் மண் பூசிச் சாணி மெழுகினார்கள். மாட்டுக் கொட்டகையின் ஓட்டைப் பிரித்து இறக்கிவிட்டு ஓலை வேயப் போவதாகச் சொன்னார்கள். கேரவன் உள்ளே வர வழி வேண்டும் என்று காம்பவுண்டுச் சுவரில் ஒரு பக்கம் இடித்தார்கள். நாங்கள் சாமான்களோடு தம்பி வீட்டுக்குப் போய்விட்டோம்.

பக்கத்துத் தோட்டத்து மாமாவிடம் ரேக்ளா காளை ஜோடி ஒன்று பேசினார்கள். ஹீரோவுக்குப் பழக வேண்டும் என்று வேறு வேலைக்கு விடாமல் கட்டி வைக்கச் சொன்னார்கள்.

எனக்கு இதிலெல்லாம் பெரிய வருத்தம் மரம் ஏறுகிறவர் விஷயத்தில்தான். ஹீரோவுக்கு மரம் ஏறச் சொல்லிக் கொடுக்க, நெருக்கமான ஷாட்டில் கையை மட்டும் காட்ட, என்று எங்கள் தோப்பிலேயே கள் இறக்குகிற அண்ணனைப் பிடித்தார்கள். தினக்கூலியைவிட இரண்டு பங்கு தருவதாகப் பேச்சு. காலையிலிருந்து இருட்டும்வரை கேமரா டெஸ்ட், லைட் டெஸ்ட் என்று அவரைக் கூடவே வைத்துக்கொண்டார்கள். தென்னம்பாளை தெரிந்தவர்களுக்குத் தெரியும், காலையும் மாலையும் நுனியை மெல்லிசாகச் சீவிக்கொண்டே இருந்தால்தான் கள் சொட்டும். நாலு நாள் கத்தி படாமல் விட்டால் வாய் காய்ந்துவிடும். பிறகு அந்தப் பாளையில் கள் இல்லை, அடுத்த பாளைக்குக் காத்திருக்க வேண்டும். அவர் கையில் இருந்த மரங்களில் பாதிக்கு மேல் அப்படிப் போயிற்று.

ஷூட்டிங்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஹீரோ படத்திலிருந்து விலகிவிட்டார். ஏன் என்று இன்றுவரை சரியான காரணம் இல்லை. கதையை மாற்றச் சொன்னார் என்கிறார்கள், சம்பளப் பாக்கி என்கிறார்கள், பெரிய பேனர் படத்துக்கு அதே தேதியில் கால்ஷீட் கொடுத்துவிட்டார் என்கிறார்கள். நடிகர் விலகுவது சினிமாவில் புதுசு இல்லை. அதற்காக நான் இதை எழுதவில்லை.

அவர் விலகினது தெரிந்த பிறகும் எங்களிடம் வேலை வாங்கினார்களே, அதற்குத்தான் எழுதுகிறேன். "ஹீரோ சாருக்குக் காய்ச்சல்ணே, ரெண்டு நாள் தள்ளிப் போகுது, ஓலையை மட்டும் இறக்கி வெச்சிருங்க" என்று மேனேஜர் வாட்ஸாப்பில் அனுப்பினார். ஓலைக்கு என் கைப்பணம். மாமாவிடம் இன்னொரு ஜோடி மாடு கிடைக்குமா என்று கேட்டார். அதே நேரத்தில் பொள்ளாச்சியில் லாட்ஜ் ரூம்களைக் கேன்சல் பண்ணியாயிற்று, கேரவன்காரருக்கு வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னது ஜெனரேட்டர் வண்டி டிரைவர், அவரும் வாடகை வராத ஆள். வேலை நின்றால் ஃபைனான்ஸ் கொடுத்தவர் காதுக்குப் போய்விடும், அதற்குள் வேறு ஹீரோவைப் பிடித்துவிடலாம் என்று எங்கள் வீட்டில் வேலை நடக்கிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்களாம். வேறு ஹீரோ கிடைக்கவில்லை. ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆட்கள் ஒரு ராத்திரியில் பெயின்ட் டப்பாக்களைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டார்கள்.

ஓடு பிரித்த கொட்டகையோடு நாங்கள் நின்றபோது மழைக்காலம் ஆரம்பம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்து ஆளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இறக்கி வைத்த ஓலை பாதி அடுத்த தோட்டத்தில் கிடந்தது.

சுவர், கொட்டகை, ஓலை, திண்ணை எல்லாம் சேர்த்து என் கணக்கு 1,80,000 ரூபாய்க்கு மேல். போன் பண்ணினால் மேனேஜர், "நானே சம்பளம் வாங்கலைண்ணே" என்கிறார். கம்பெனி ஆபீசில், அந்த மேனேஜர் எங்கள் ஆளே இல்லை, கான்ட்ராக்டில் வந்தவர் என்கிறார்கள். ஹீரோவின் பி.ஏ. போனை எடுக்கவே இல்லை. அதில் ஒன்றும் சொல்வதற்கில்லை, அவருக்கும் நமக்கும் ஒப்பந்தமே கிடையாது.

வக்கீலும் அதைத்தான் சொன்னார். நடிக்க மாட்டேன் என்கிறவரைப் பிடித்து நடிக்க வைக்கச் சொல்லிக் கோர்ட் உத்தரவு போடாது, 1963-ஆம் வருஷத்துக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் (ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்) அப்படி. நஷ்டஈடுதான் கேட்கலாம், அதையும் அவரோடு ஒப்பந்தம் போட்ட தயாரிப்பாளர்தான் கேட்க முடியும். ஹாலிவுட்டில் கிம் பேசிங்கர் 1991-ல் ஷூட்டிங்குக்குச் சில வாரம் முன்பு ஒரு படத்தை விட்டு விலகினார். 1993-ல் ஜூரி அவருக்கு எதிராக 80 லட்சம் டாலருக்கும் மேல் தீர்ப்பு சொன்னது. அடுத்த வருஷம் மேல்முறையீட்டில் அது ரத்தாகி, கடைசியில் பேசி முடித்துக்கொண்டார்கள். அதுவும் நடிகைக்கும் தயாரிப்பாளருக்கும் நடந்த வழக்கு. நம் கேஸில் எதிராளி ஹீரோ இல்லை, வேலை வாங்கிய கம்பெனி. ஹீரோ ஓடினதால் என்னிடம் பணம் இல்லை என்று அவர்கள் சொல்வது நம்மைப் பொறுத்தவரை பதிலே ஆகாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அழுகாச்சிக் கதை கேட்டு இரங்கிவிடாதீர்கள்.

சென்னையிலிருந்து வரும் யூனிட் ஆட்களுக்கு ஃபெப்சி (சினிமாத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பு) இருக்கிறது, பேட்டா பாக்கி என்றால் கேட்க ஆள் வரும். உள்ளூர்க்காரனுக்கு யாரும் இல்லை, கையில் இருக்கிற காகிதம்தான். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் மேனேஜராக இருந்தால், கம்பெனி கொடுத்த அதிகாரக் கடிதம் கூட இருக்கிறதா பாருங்கள். பணம் கம்பெனி அக்கவுன்ட்டிலிருந்து வர வேண்டும். வீட்டில் கை வைக்கிற அன்றிலிருந்து வாடகை ஓட வேண்டும். படம் எந்தக் காரணத்தால் நின்றாலும் இடித்ததைக் கட்டித் தரும் தொகை டெபாசிட்டாக முன்கூட்டியே நம் கையில் இருக்க வேண்டும். எனக்கு அனுப்பிய ஒப்பந்த நகலில் கடைசிப் பக்கத்தில், தகராறு வந்தால் சென்னை கோர்ட்டில்தான் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதை அடித்துவிட்டுச் சித்தூர் என்று எழுதச் சொல்லுங்கள். கேஸுக்காக இங்கிருந்து சென்னைக்கு ரயில் ஏறிக்கொண்டிருந்தால் டிக்கெட் செலவிலேயே பாதி பாக்கி கரைந்துவிடும்.

மாமாவுக்குக் கம்பெனி செக் ஒன்று கொடுத்திருந்தார்கள். "நான் சொல்றப்ப போடுங்க" என்று மேனேஜர் சொல்லிச் சொல்லியே 3 மாதம் ஓடிவிட்டது, செக் காலாவதி. அது சரியான திட்டம். நேரத்துக்கு பேங்கில் போட்டுத் திரும்பி வந்திருந்தால், 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பி, 15 நாளில் பணம் வராவிட்டால் செக் திரும்பினதற்கான 138-ஆவது பிரிவில் கிரிமினல் கேஸே போட்டிருக்கலாம். பணப் பாக்கிக்கு சிவில் கேஸ் போட 3 வருஷம் வரை நேரம் உண்டு, அந்த வழியில்தான் நாங்கள் இப்போது சேர்ந்து போகிறோம். மரம் ஏறும் அண்ணனிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை, மேனேஜரின் வாய்ஸ் மெசேஜ்கள்தான் இருக்கின்றன. அவற்றை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறோம்.

அதே மேனேஜர் இப்போது வேறு கம்பெனி பெயரைச் சொல்லிக்கொண்டு முதலமடைப் பக்கம் மாந்தோப்பு பார்க்கிறார் என்று கேள்வி. நாற்பது வயது இருக்கும், சிரித்துச் சிரித்துப் பேசுவார், முதல் நாளே வீட்டுப் பெரியவர்கள் காலில் விழுவார். யாராவது அந்தப் பக்கம் தோப்பு கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள், போன் நம்பர் அதே ஆளுடையதா என்று பார்த்துச் சொல்கிறேன்.