வீட்டு வாடகைச் சட்டம் வயலுக்குச் செல்லுமா?

வீட்டை விட்டவரும் வாடகைக்குத்தான் விட்டார், வயலை விட்டவரும் ஒருவகையில் வாடகைக்குத்தான் விட்டார். ஆனால் தமிழ்நாட்டில் இரண்டுக்கும் தனித்தனிச் சட்டம். 1960ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், அதை நீக்கிவிட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டமும் கட்டடத்துக்கானவை. வீட்டை ஒட்டிய தோட்டம் அதில் அடங்கும். நெல் விளையும் வயல் அடங்காது. வயலுக்கு 1955இன் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1956இன் நியாயவாரச் சட்டமும் இருக்கின்றன. நியாயவாரம் என்பது குத்தகைதாரர் நிலக்காரருக்குத் தர வேண்டியதாகச் சட்டம் வகுத்த பங்கு.

தொகையில்தான் வேடிக்கை. பழைய வீட்டுச் சட்டத்தில் நியாய வாடகை கேட்டு மனுப் போடலாம். இப்போது இருவரும் பேசி எழுதியதே வாடகை. வயலில் அப்படி இல்லை. நஞ்சைக்கு மகசூலில் 40 சதவீதம் என்று தொடங்கிய நியாயவாரம், பின்னால் 25 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நான்கு மூட்டை விளைந்தால் ஒன்று நிலக்காரருக்கு. அதற்கு மேல் பேசி வாங்கினாலும் சட்டம் ஏற்பது நியாயவாரத்தைத்தான்.

அக்ரிமெண்ட் விஷயம் இதற்கு நேர்மாறு. வீட்டுக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம்; அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வயலில் வாய்ப்பேச்சுக் குத்தகையும் செல்லும். ஆனால் ஒரு நிபந்தனை: குத்தகைதாரரோ அவர் குடும்பத்தாரோ உடலுழைப்புப் போட்டுப் பயிர் செய்ய வேண்டும். சேற்றில் கால் வைக்காமல், ஆள் வைத்தே விவசாயம் பார்க்கிற குத்தகைதாரருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வழக்குகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சிக்குகின்றன. அதனால் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி வைக்கப்படும் குத்தகை உரிமைப் பதிவேட்டில் தாசில்தார் மூலம் பெயரை ஏற்றிவைப்பது புத்திசாலித்தனம்.

சரி, காலி செய்ய வைப்பது? வீட்டில் இரண்டு மாத வாடகை பாக்கி, உள்வாடகை, சொந்தத் தேவை என்று காரணங்கள் பல. வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். வயலில் குத்தகை பாக்கி, நிலத்தைக் கெடுத்தல், விவசாயம் அல்லாத வேலைக்குப் பயன்படுத்தல், நிலக்காரரின் உரிமையையே மறுத்தல் ஆகியவைதான் முக்கியமான காரணங்கள். கோட்டாட்சியர் அல்லது வருவாய் நீதிமன்றம் விசாரிக்கும். பாக்கியைக் கட்டத் தவணையும் கொடுக்கலாம். வீட்டுக்கு எழுதுகிற 11 மாத அக்ரிமெண்டை வயலுக்கும் எழுதிவிட்டுக் கெடு முடிந்ததும் காலி செய்துவிடுவார் என்று காத்திருக்கும் நிலக்காரர் ஏமாந்துபோவார். குத்தகைதாரர் இறந்தால், உழைத்துப் பயிர் செய்யும் வாரிசுக்கும் உரிமை தொடரும்.

வயலுக்குள் மோட்டார் கொட்டகை இருந்தால்? முக்கிய நோக்கம் எது என்று பார்க்க வேண்டும். பயிருக்காக விட்ட நிலத்தில் கொட்டகை இருப்பதால் அது வீடாகிவிடாது. செங்கல் சூளைக்கு விட்ட நிலமோ இந்த இரண்டிலும் சேராது. அங்கே 1882இன் சொத்து மாற்றுச் சட்டத்தைப் புரட்ட வேண்டியதுதான்.